ஒப்படர்த்தி

காலையில் வடகரை. மதியத்துக்கு மேல் தென்கரை.
நடுவில் குடமுருட்டிப் பாலம்.
அதன்மேல் ஸ்கூட்டியை நிறுத்தி
கழுத்துப் பட்டையை மாற்றிக்கொள்வேன்,
நீலத்தைக் கழற்றிப் பச்சை.
இரண்டு கரையிலும் மணிக்கணக்குச் சம்பளம்.
இரண்டு கரைக்கும் ஒரே நோட்டு, ஒரே நியூட்டன்.

வடகரைக்கு ஊரில் பெயர் ரேங்க் காலேஜ்.
தென்கரைக்கு, கல்லெறிக் காலேஜ்.
அப்படிச் சொன்னால்தான்
ஷேர் ஆட்டோக்காரருக்கே வழி தெரியும்.

சேர்ந்த முதல் நாள்
ஹெல்மெட்டோடு வகுப்புக்குள் போய்விட்டேன்.
மறதி என்று வீட்டில் சொன்னேன்.
கடைசி பெஞ்சிலிருந்து இளஞ்சேரன் எழுந்து
"கழட்டிடுங்க மேடம், இன்னைக்கு ஸ்ட்ரைக் இல்ல" என்றான்.
சிரித்தது வகுப்பு.
நானும், கொஞ்சம் தாமதமாக.

வடகரையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.
ஐம்பத்தெட்டுப் பேர், மின்விசிறிச் சத்தம் மட்டும்.
புரிகிறது போல என்று வேகமாக நடத்தினேன்.
விடைத்தாள் கட்டைப் பிரித்தால்
ஐம்பத்தெட்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை,
கைடில் அச்சானது.
மாடிப்படித் திருப்பத்தில் அழுதுகொண்டிருந்த மோகனப்பிரியாவிடம்
என்னம்மா என்று குனிந்தேன்.
"இங்க வேணாம் மேடம், கேமரா இருக்கு"
என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
ஆனால் அங்கே குடிதண்ணீர் குளிர்ந்து வரும்.
நூலகம் இரவு எட்டு மணி வரை.
நெட் பரீட்சைக்கு நான் படிப்பதே அங்கேதான்,
அதையும் சொல்ல வேண்டும்.

தென்கரையில் அறுப்பு வந்தால் பாதி வகுப்பு காலி.
ராத்திரியெல்லாம் மெஷின் ஓட்டியவன்
காலரில் நெற்சுணை ஒட்டியிருக்க
வெப்ப இயக்கவியலில் தூங்குவான்.
போன மாசியில் ஒரு அடிதடியும் நடந்தது,
பொய் சொல்லக் கூடாது,
கேண்டீன் வாசலில். ஒரு பல் விழுந்தது.
கல் இல்லை. கை.

பிறகெதற்கு அந்தப் பெயர் என்று ஆபீசில் கேட்டேன்.
தொண்ணூற்றெட்டில் ஒரு பஸ், முன் கண்ணாடி,
மறுநாள் பேப்பரில் படம்.
எறிந்தவர் இப்போது உரக்கடை வைத்திருக்கிறாராம்.
"கடனுக்கே யூரியா தருவாருங்க, தங்கமான மனுஷன்"
என்றார் பியூன் கலியமூர்த்தி.
அன்றைக்குப் பிறக்காத பிள்ளைகள்
வேலை நேர்காணலில்
அந்தக் கண்ணாடிக்குப் பதில் சொல்கிறார்கள்.

பதினெட்டாம் பெருக்கு முடிந்த வாரம்
முதலாமாண்டுக்கு ஒப்படர்த்திச் சோதனை.
தராசு இருக்கிறது, நூல் இருக்கிறது, பீக்கரில் தண்ணீர்.
"ஒரு கல் எடுத்துட்டு வாங்கப்பா" என்றேன்.
நாலு பேர் போனார்கள். அரை மணி நேரம்.
தோண்டினால் களி, அதற்குக் கீழே வண்டல்,
அதற்கும் கீழே ஆறு கொண்டுவந்ததுதான்.
கலியமூர்த்தி ஒரு செங்கல் துண்டை நீட்டினார்.
தண்ணீரில் விட்டதும் அது
குமிழி விட்டுக் குடிக்க ஆரம்பித்தது.
"கல்லெறிக் காலேஜ்ல கல்லே இல்ல மேடம்"
என்றான் இளஞ்சேரன், புகார் சொல்வது மாதிரி.

மறுநாள் வடகரை.
நிர்வாகக் கட்டடத்து முன்னால் புல்வெளி,
அதைச் சுற்றி
லாரியில் வந்திறங்கிய கூழாங்கற்கள்.
செக்யூரிட்டி கேட்டைப் பார்த்து நின்ற நேரம்
குனிந்தேன், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல.
கேமரா பார்த்திருக்கும்.

நூலில் கட்டி இறக்கினோம்.
காற்றில் ஒரு எடை. தண்ணீரில் ஒரு எடை.
இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டும் சரி என்றேன்.
இரண்டு புள்ளி ஆறு வந்தது.
ஏழு என்றான் இளஞ்சேரன்.
கணக்கை மறுபடி போட்டான். ஆறுதான்.

மேசையைத் துடைக்கும்போது கல்லைக் காணோம்.
யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை.
வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகையில் மட்டும்
ஹெல்மெட்டைக் கொஞ்சம்
சீக்கிரமே மாட்டிக்கொண்டேன்.